பந்து இல்லாத ஆளைப் பிடித்த குற்றம்

கொஞ்சம் ஜன்னல் பக்கமா ஒதுங்கிக்கிடுங்க அண்ணாச்சி. என் தோளு உங்க சீட்டுக்குள்ள வரும், ஒண்ணும் நினைச்சுக்கிடாதீய. வேணும்னு செய்யல. நான் எங்க உக்காந்தாலும் பக்கத்துல இருக்கவருக்கு அரை சீட்டுதான். கல்யாண வீட்டுப் பந்தியில எனக்கு அடுத்த எலையை ஒரு முழம் தள்ளித்தான் போடுவாவ.

மதுரை வரைக்கும் போறீயளா? நானும் மதுரைதான். ஒரு விசாரணைக்குப் போறேன். பயப்படாதீய, போலீஸ் விசாரணை இல்ல, ஆபீஸ் விசாரணை. நான் கிடங்கு வாரியத்துல வேலை பாக்கேன். வேலைன்னா மூட்டை தூக்குற வேலை இல்ல. வாரியத்து ரக்பி டீமுல ஆடுறதுதான் வேலை. என் மேல உள்ள குத்தம் என்னன்னா, பந்து இல்லாத ஆளைப் பிடிச்சுக் கீழ தள்ளிட்டேனாம். சிரிக்காதீய. அந்த ஆட்டத்துல அது பெரிய குத்தம். பந்து வச்சிருக்கவனை எலும்பு நொறுங்கப் பிடிக்கலாம், கைதட்டுவாவ. பந்து இல்லாதவன் மேல தோளு பட்டா சிவப்பு அட்டையைக் காட்டி வெளிய அனுப்பிருவாவ.

இதுல கொடுமை என்னன்னா, நான் அந்த ஆளைப் பிடிச்ச அன்னைக்கு ஆட்டமே நடக்கல. பந்தும் இல்ல, மைதானமும் இல்ல. எங்க ஊர்ல தேரோட்டம் நடந்துச்சு.

இருங்க, கண்டக்டர் விசில் அடிச்சிட்டான்.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கையை இறக்கிட்டேன். விசில் சத்தம் கேட்டா என் ரெண்டு கையும் தானா மேல போயிரும். சத்தம் ஓஞ்சதும் தானா முன்னால தள்ளும். டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. முன் சீட்டுக்காரன் திரும்பி முறைக்கான் பாருங்க. தோள்ல கட்டு போட்டிருக்காம்லா, அவன்தான். அவன் வேற யாருமில்ல, எம் மச்சினன் வண்ணமுத்து. என் வீட்டுக்காரி கூடப் பிறந்த தம்பி. நான் பிடிச்சுத் தள்ளுன ஆளும் அவன்தான். பக்கத்துல வந்து உக்காருலன்னேன். மாட்டேன்னுட்டு முன்னால போயி உக்காந்துட்டான்.

முதல்லருந்து சொன்னாத்தான் விளங்கும்.

எங்க ஊரு நல்லாங்குளம். கேள்விப்பட்டிருக்க மாட்டீய. ஆனா தேரு பெரிய தேரு. முன்னால வடம் பிடிச்சு இழுக்க ஊரே நிக்கும், போட்டோ எடுக்கவனும் அங்கதான் நிப்பான். ஆனா தேரை நகத்துறது பின்னால நிக்க நாங்கதான். பின் சக்கரத்துக்கு அடியில நீளமா ஒரு மரத்தடியைக் குடுத்து, தோளை வச்சு நெம்பணும். இடப்பக்கத்துத் தடி எனக்கு. தடிக்குக் குனிஞ்சவனுக்கு முன்னால நடக்கது எதுவும் தெரியாது. அதனால தேருக்கு முன்னாலருந்து பலவேசம் பிள்ளை விசில் ஊதுவாரு. விசில் வந்தா நெம்பணும், விசில் நின்னா நிறுத்தணும். மீசை முளைக்கதுக்கு முந்தியே இது எனக்கு ரத்தத்துல ஏறிருச்சு.

ஒரு வருசம் தியோடர் சார் தேர் பாக்க வந்தாரு. குன்னூர்க்காரரு, மிலிட்டரியில இருந்தவரு, கிடங்கு வாரியத்து டீமுக்குக் கோச்சு. எல்லாரும் சாமியைப் பாத்தாவ. அவரு என் முதுகையே பாத்துக்கிட்டு நாலு வீதியும் சுத்தி வந்திருக்காரு. தேரு நிலைக்கு வந்ததும் என்கிட்ட வந்து, "கொம்பையா, இதே வேலையை ட்ரவுசர் போட்டுக்கிட்டு செய்வியா?"ன்னு கேட்டாரு. "சம்பளம் உண்டா சார்"னேன். "குவார்ட்டர்ஸே உண்டு"ன்னாரு. சொர்ணம் மறுநாளே பாத்திரத்தைச் சாக்குல கட்டிட்டா. சொர்ணம் என் வீட்டுக்காரி.

ரக்பின்னா என்னன்னு கேக்குதீய. முட்டை மாதிரி ஒரு பந்து. அதைப் பத்தி எனக்கு ரொம்பத் தெரியாது, இத்தனை வருசத்துல அது என் கைக்கு வந்தது குறைவு. வந்தாலும் நான் வச்சுக்கிட மாட்டேன். அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு? யாரு பக்கத்துல நிக்கானோ அவன்கிட்ட குடுத்திருவேன். எந்த டீமுன்னு பாக்க மாட்டேன். இந்த நல்ல குணத்தைப் போயி தியோடர் சார் குத்தம் சொல்லுவாரு.

என் வேலை என்னன்னா, அப்பப்ப ரெண்டு டீமும் எதிரெதிரா குனிஞ்சு தலையோட தலை கோத்துக்கிட்டுத் தள்ளுவாவ. அங்க முன்வரிசையில நான் நிக்கணும். முதல் மேட்சுல குனிஞ்சேன். எதிர்ல ஒரு தலை, காதுல ஒரு சத்தம். சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. நடுவர் விசில் ஊதுனாரு. நான் நெம்புனேன்.

ஏன் இப்படிப் பாக்குதீய? விசில் வேற எதுக்கு ஊதுவாவ?

அங்க விசில் ஊதுனா நிறுத்தணுமாம். எனக்கு யாரும் சொல்லல. சொன்னாலும் என் காதுக்குத்தான் தெரியும், தோளுக்குத் தெரியாது. எதிர்ல இருக்கவன் ஆட்டம் நின்னுபோச்சுன்னு உடம்பைத் தளர்த்துவான். தளர்த்துனா அது என் பொறுப்பா? நான் அவனைக் கொண்டு போயி மைதானத்து ஓரத்துல தண்ணி பாட்டில் வச்சிருக்க மேசை வரைக்கும் விட்டுட்டு வருவேன். நடுவர் பதறிப்போயி மறுபடி ஊதுவாரு. சரி, இன்னும் கொஞ்சம் போகணும் போலன்னு மேசையையும் சேத்துத் தள்ளுவேன்.

பேப்பர்ல என்னைய "ஈவு இரக்கமில்லாத கொம்பையா"ன்னு எழுதுனாவ. மனசு கஷ்டமா இருந்துச்சு. நான் இதுவரைக்கும் ஒரு ஆளைக் கை நீட்டி அடிச்சதில்ல. மூக்கு உடைஞ்சவனெல்லாம் அவனவன் மூக்கை நான் போற வழியில கொண்டுவந்து வச்சவன்தான். ஆனா எங்க டீம் ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு. என் எதிர்ல நிக்கணும்னு சொன்னா பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்திரும்.

அப்புறம் இந்த ரகசியத்தை ஒரு டீம்காரன் கண்டுபிடிச்சிட்டான். அவங்க ரசிகனுக எல்லாரும், திருவிழாக் கடையில பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுப்போம்லா, அந்தப் பிளாஸ்டிக் விசிலோட வந்து உக்காந்துட்டானுவ. மேட்ச் ஆரம்பிச்சதும் நாலா பக்கமும் ஊதுதானுவ. நான் என்ன செய்ய? எந்தப் பக்கம் ஊதுதானோ அந்தப் பக்கம் நெம்புதேன். எதிராளியைத் தள்ளுனேன், எங்க ஆளைத் தள்ளுனேன், நடுவரைக் கொஞ்சம் தள்ளுனேன். கடைசியா ஆம்புலன்ஸுல போயி முட்டிக்கிட்டு நிக்கேன். அதுவும் நகந்துச்சு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததா டிரைவர் சத்தியம் பண்ணுதாரு.

வாரியத்து அதிகாரி கூப்பிட்டு விட்டாரு. அவரு ஒரு மேட்சும் பாத்ததில்ல. பந்து எப்படி இருக்கும்னு என்கிட்டயே கேட்டாரு. எனக்கும் சரியாச் சொல்லத் தெரியல. "வாரியத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை ஆளைத் தப்பாப் பிடிச்சேன்னா வேலை போயிரும்"னு சொல்லிட்டாரு. வீட்டுல வந்து சொன்னேன். சொர்ணம் வாசல்ல போயி நின்னு முருங்கை மரத்தைப் பாத்தா. குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் அவ கையால வச்ச மரம், அப்பதான் காய்க்க ஆரம்பிச்சிருந்துச்சு. வேலை போனா வீட்டைக் காலி பண்ணணும். மரத்தைத் தூக்கிட்டுப் போக முடியாதுல்லா?

அன்னைக்குச் சாயங்காலமே குக்கரை எடுத்துட்டா.

ஆமா, குக்கர்தான். விசில் வந்தா நான் ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு ஆடாம அசையாம நிக்கணும். நின்னா சோறு, முட்டுனா பட்டினி. முதல் நாளு பிரிட்ஜ் பக்கத்து வீட்டு நடைக்குப் போயிருச்சு. அவங்க நல்ல மனுசங்க, பாலை மட்டும் எடுத்து வெளிய வச்சாவ. அரிசிக்கு விசில் பத்தலன்னு பருப்பு வச்சா. பருப்புக்குப் பத்தலன்னு கொண்டைக்கடலைக்குப் போயிட்டா. அதுக்கு விசில் கூடல்லா? மாசக்கணக்கா எங்க வீட்டுல மூணு வேளையும் கொண்டைக்கடலைதான். குவார்ட்டர்ஸுன்னா வரிசையா வீடு, வீட்டுக்கு வீடு குக்கர். காலையில எல்லாரும் ஆபீஸுக்குக் கிளம்புற நேரத்துல என்னால கையைக் கீழ இறக்கவே முடியாது. ஷேவிங் பண்ணுறதை மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டேன்.

ஆனா குணமாயிட்டு அண்ணாச்சி. அந்த சீசன் முழுக்க ஒரு அட்டை வாங்கல. விசில் அடிச்சா முதல்ல நிக்கிற ஆளு நான்தான். கொம்பையாவுக்கு வயசாயிட்டுன்னு பேப்பர்ல எழுதுனாவ. எழுதிட்டுப் போகட்டும். சொர்ணம் முருங்கைக்காய் சாம்பார் வச்சா, அதுவும் சட்டியில.

சாத்தூர் வந்திருச்சு. விசில் அடிப்பான். இருங்க, கையை மடிச்சுத் தொடைக்கு அடியில வச்சுக்கிடுதேன்.

எங்க விட்டேன்? ஆங், தேரு. இந்த வருசத் தேருக்கு ஊருக்குப் போனேன். வாரியத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். காலரு தடிமனா இருக்கும், தடி உறுத்தாது. ஊர்க்காரன் நாலு பேரு பாக்கட்டும்னும் ஒரு ஆசை. சாமி தேருல ஏறுனாரு. நான் இடப்பக்கத் தடிக்குக் குனிஞ்சேன். பலவேசம் பிள்ளை விசில் ஊதுனாரு.

நான் நிமிந்து ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நின்னுட்டேன்.

வலப்பக்கத்துத் தடிக்காரன் நெம்புதான், நான் நிக்கேன். தேரு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நடுரோட்டுல கோணி நிக்கி. என் பக்கத்துல நின்னவன் எனக்கு சாமி வந்திருச்சுன்னு நெத்தி நிறைய திருநீறு பூசிட்டான். ஒரு அம்மா வந்து மகளுக்கு எப்போ கல்யாணமாகும்னு குறி கேக்கா. ஆவணியிலன்னு சொல்லி வச்சேன். பாவம், ஆசையா கேட்டா.

எனக்குப் பதிலா வேற ஆளுகளைப் போட்டுப் பாத்தாவ. தேரு அசைஞ்சு குடுக்கல. தேரு நிலைக்கு வராம கொடியிறக்க முடியாது, கொடியிறக்காம ஊர்ல ஒரு நல்ல காரியம் நடத்த முடியாது. விசிலுக்குப் பதிலா பச்சைக் கொடி காட்டுனா போதாதான்னுதான நினைக்கீய? குனிஞ்சவனுக்குக் கொடி எப்படித் தெரியும்? கடைசியில கமிட்டிக்காரங்க ரோட்டுலயே நின்னு பேசி ஒரு முடிவுக்கு வந்தாவ. கொம்பையாவை மாத்த முடியாது, ஊரை மாத்திக்கிடுவோம். இனிமே விசில் ஊதுனா எல்லாரும் நிக்கணும், விசில் ஓஞ்சா நெம்பணும்.

நல்ல முடிவுதான. என்னைய மதிச்சு ஊரே மாறிச்சுன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தேரும் ஜம்முனு போச்சு. ஒரே ஒரு சங்கடம், தேரு நிக்கிற நேரம் பூரா பலவேசம் பிள்ளை மூச்சு விடாம ஊதிக்கிட்டே இருக்கணும். அவருக்கு இழுப்பு வேற உண்டு. தேங்காய் உடைக்க ஒரு வாசல்ல நின்னா ஊதணும், மாலை போட நின்னா ஊதணும். மனுசன் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருச்சு.

இப்ப இந்த வண்ணமுத்து கதைக்கு வாரேன். கேக்கட்டும், நான் ஒண்ணும் பொய் சொல்லல. இவன் வேலை கட்டை போடுறது. தேரை நிறுத்தணும்னா ஓடுற சக்கரத்துக்கு முன்னால மரக்கட்டையை வச்சிட்டுக் காலை எடுத்துரணும். ஒரு கண்ணிமை தப்பினா ஆளு இல்ல. லேசுப்பட்ட வேலை இல்ல, தைரியசாலி. வேற எந்த வேலையும் அவனுக்கு ஒட்டல, ஊர்ல அவனுக்கு இருக்க ஒரே பேரு அதுதான். தேரு நின்னதும் கட்டைக்காரன் கட்டையை எடுத்துக் கையிலயே வச்சிருக்கணும், கீழ வைக்கக் கூடாது, சக்கரத்துக்கு முதுகு காட்டக் கூடாது. அப்படிச் செஞ்சான்னு தெரிஞ்சா கமிட்டியில அந்த நிமிஷமே கட்டையை வாங்கி வேற ஆளு கையில குடுத்திருவாவ.

மேல ரத வீதி முக்குல தேரு நின்னுச்சு. தீபாராதனை நடக்கு. பலவேசம் பிள்ளை ஊதிக்கிட்டு நிக்காரு. எவனோ ஒரு புண்ணியவான் அவரு கையில ஒரு டம்ளர் பானகத்தைக் குடுத்துட்டான். மனுசன் என்ன செய்வாரு, விசிலை எடுத்துட்டு ஒரு மடக்குக் குடிச்சிட்டாரு.

விசில் ஓஞ்சிருச்சு. நாங்க நெம்பிட்டோம்.

நெம்பும்போது அன்னைக்குன்னு நான் தேருக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். முன் சக்கரத்துக்கு முன்னால ரெண்டு குதிங்கால் தெரியுது. குதிங்கால் தெரிஞ்சா முதுகைக் காட்டிட்டு நிக்கான்னு அர்த்தம். அது யாரு காலுன்னு எனக்குத் தெரியாதா? எங்க கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துல எனக்கு முன்னால ஓடுன காலுல்லா. தடியைப் போட்டுட்டு ஓடுனேன் அண்ணாச்சி. என் வாழ்நாள்ல நான் ஓடுனது அது ஒண்ணுதான். இவன் கட்டையைக் கீழ போட்டுட்டு போன்ல யாருகிட்டயோ சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கான். இடுப்போட சேத்துப் பிடிச்சு, ரெண்டு பேரும் போயி ஒரு பூக்கடைக்குள்ள விழுந்தோம். தியோடர் சார் இத்தனை வருசமா சொல்லிக் குடுத்த பிடி அன்னைக்குத்தான் ஒழுங்கா விழுந்துச்சு. இவன் தோள்பட்டை எலும்பு மட்டும் முறிஞ்சிருச்சு.

பலவேசம் பிள்ளை பதறி ஊதிட்டாரு, தேரு ஒரு முழம் நகந்து நின்னுருச்சு. எல்லாரும் கையைக் கூப்பி தீபத்தைப் பாத்துக்கிட்டிருந்தாவ, தேரு நகந்ததை ஒருத்தரும் பாக்கல. விசிலை வாயிலருந்து எடுக்கவே இல்லைன்னு பலவேசம் பிள்ளை அடிச்சுச் சொல்லுதாரு. தேரு நின்னது நின்னபடி இருந்துச்சு, அந்த ஆளு ஏதோ பொறாமையில வந்து முட்டுனாருன்னு இவன் சொல்லுதான். அந்த ஆளுங்கான் அண்ணாச்சி. இத்தனை வருசமா வாய் நிறைய அத்தான் அத்தான்னு கூப்பிட்டவன்.

எவனோ எதிர்த்த மாடியிலருந்து வீடியோ எடுத்து விட்டுட்டான். என் முதுகு மட்டும் பெருசாத் தெரியுது, சக்கரமும் தெரியல, இவன் கையும் தெரியல. வாரியத்துச் சட்டை நல்லாத் தெரியுது. உலகம் பூரா பாத்துட்டு, பந்து இல்லாத ஆளைப் பிடிச்சிட்டான், வெளிய அனுப்புன்னு எழுதுதானுவ. அதிகாரி விசாரணை வச்சிட்டாரு. இவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காரு. சக்கரம் வந்துச்சு, அதனால பிடிச்சாருன்னு இவன் சொன்னா, ஏன் முதுகைக் காட்டிட்டு நின்னேன்னு ஊர்ல கேப்பாவ, இவன் கட்டை போயிரும். வரலன்னு சொன்னா என் வேலை போயிரும். சொர்ணம் காலையில எங்க ரெண்டு பேருக்கும் இட்லி வச்சா. யாருக்காகவும் பேசல. புருசன் பக்கம் பேசவா, தம்பி பக்கம் பேசவா? சேந்து போயிட்டு சேந்து வாங்கன்னு மட்டும் சொன்னா.

இதுல தியோடர் சாருக்கு வேற என்ன ஆச்சுன்னு தெரியல. நேத்து போன் பண்ணி, "கொம்பையா, அவன் கையில என்னடா வச்சிருந்தான்? நல்லா யோசிச்சுச் சொல்லு"ங்காரு. "போன் வச்சிருந்தான் சார்"னேன். "போன் வேண்டாம்டா, வேற ஏதாவது?"ங்காரு. "வேற ஒண்ணுமில்ல சார், கட்டை கூட கீழதான் கிடந்துச்சு"ன்னேன். "கீழ கிடந்துச்சுன்னு எவனாவது பாத்தானா?"ங்காரு. "நான் பாத்தேனே சார்"னேன். பொறவு, "நீ தூங்குடா"ன்னு வச்சிட்டாரு. வயசாயிட்டு, பாவம்.

என்னல? எதுக்குத் திரும்பிப் பாக்க? ஒட்டுக் கேட்டியா? கேளு, நல்லாக் கேளு.

என்னது? சத்தமாச் சொல்லு. சக்கரம் நகந்துச்சா? அண்ணாச்சி, கேட்டியளா, சக்கரம் நகந்துச்சுங்கான். முதுகுல இரும்புப் பட்டை உரசுச்சாம். சட்டை கிழிஞ்சிருச்சாம். அந்தச் சட்டையை அக்கா கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருக்கானாம். ஏல, இதை ஏம்ல இத்தனை நாளா சொல்லல?

சரி, அழாதல. பஸ்ஸுல எல்லாரும் பாக்காவ. இப்ப என்ன சொல்ல வாரே? அதிகாரிகிட்ட என்ன சொல்லப் போறே? கட்டை உன் கையில இருந்துச்சுன்னு சொல்லப் போறியா? ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுச் சக்கரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்னா? இல்லையேல. கீழல்லா கிடந்துச்சு. நீ போன்லல்லா பேசிக்கிட்டிருந்தே. நான் பாத்தேனே.

அண்ணாச்சி, நீங்க எதுக்கு என் தொடையைக் கிள்ளுதீய?

என்ன? காதுல சொல்லுங்க. கட்டை அவன் கையில இருந்துச்சுன்னா அவன் வேலையைத்தான் அவன் பாத்துக்கிட்டிருந்தான்னு ஆகும். சரி, அது அவனுக்கு. எனக்கு என்ன? கையில ஒண்ணு வச்சிருந்த ஆளைத்தான் நான் பிடிச்சேன்னு ஆகுமா? அது கட்டைல்லா, பந்தா? அதிகாரிக்கு... ஆமா, அவரு பந்தைப் பாத்ததே இல்ல.

ஓ.

அப்போ தியோடர் சார் இதைத்தான் கேட்டாரா?

ஏல, இப்ப என்னைய எப்படிக் கூப்பிட்ட? இன்னொரு தடவை சொல்லு. அண்ணாச்சி, அத்தான்னு கூப்பிடுதான். எனக்கு வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி, இவன் என்னைய அந்த ஆளுன்னு சொன்னதுதான் எனக்குத் தாங்கல. சொர்ணத்துக்கிட்டக் கூட இதைச் சொல்லல.

ஆமாண்ணாச்சி, கட்டை அவன் கையிலதான் இருந்துச்சு. பச்சைப் பிள்ளையைத் தூக்குன மாதிரி ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தான். நான் என் கண்ணால பாத்தேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன்.

ஒரு உதவி செய்யணும் நீங்க. கொஞ்சம் எந்திரிச்சு அந்த முன் சீட்டுக்குப் போயிக்கிடுதியளா? எம் மச்சினன் இங்க வாரான். ஜன்னல் ஓரமா உக்காரட்டும், அந்தத் தோள்ல நான் இடிக்காம பாத்துக்கிடணும்.